யோகா ஆசிரியர் பயிற்சியில் சேர்வதற்கு முன்னால் ஒரு வருடம்

கேள்வி இது: "வயது 37, அலுவலக வேலை. மூன்று வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் யோகா வகுப்புக்குப் போகிறேன். 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து ஒரே மாதத்தில் சான்றிதழ் வாங்கிவிட்டால் வகுப்பு எடுக்க ஆரம்பிக்கலாமா? சாப்பாடு, தூக்கம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் எந்த அளவுக்கு மாற்ற வேண்டும்? சிரசாசனம் இன்னும் வரவில்லை, அது தடையா? கழுத்தில் வேறு அவ்வப்போது வலி வருகிறது."

பதினாறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் கடைசி சில வருடங்கள் ஆசிரியர் ஆக விரும்பி வருகிறவர்களுக்கும் சேர்த்து. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சேருங்கள், ஆனால் இப்போது வேண்டாம். ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு வருடம் வகுப்பை விடாமல், கூடவே தினமும் வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யுங்கள்.

தனியாகச் செய்வதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வகுப்பில் உங்களை நகர்த்துவது ஆசிரியரின் குரல். கையைத் தூக்கு என்றால் தூக்குகிறோம், நிறுத்து என்றால் நிறுத்துகிறோம், அடுத்தது என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நான் என் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது ஏற்கெனவே ஆறு வருடம் வகுப்புக்குப் போனவன், அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இரண்டாம் நாள் காலை, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நீங்களாகவே பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாம் தீர்ந்துபோயிற்று. மீதி நேரம் முழுக்க சவாசனம்தான், அதுவும் தூங்கியிருந்தால் புண்ணியம், ஒரு கண்ணைத் திறந்து பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

தனியாக விரிப்பை விரித்து நின்றால் முதலில் தெரிவது உங்கள் வண்டவாளம். பிடிக்காத ஆசனத்தைத் தாண்டிப் போகிறீர்கள், வலது பக்கம் ஐந்து மூச்சு நின்றவர் இடது பக்கம் மூன்றிலேயே இறங்கிவிடுகிறீர்கள், சிரமமான இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள். இதெல்லாம் நாளைக்கு உங்கள் முன்னால் நிற்கப் போகிறவர்களும் செய்யப் போவதுதான். தன்னிடம் பார்க்காததை ஒருவர் அடுத்தவரிடம் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை.

அந்த 200 மணி நேரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஏதோ வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதம் தங்கிப் படித்து ஆசிரியராக வெளியே வரும் ஏற்பாட்டை உலகம் முழுக்கப் பரப்பியதில் சுவாமி விஷ்ணுதேவானந்தா 1969-இல் தொடங்கிய பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு 1999-இல் அமெரிக்காவில் யோகா அலையன்ஸ் என்ற பதிவு அமைப்பு வந்து 200, 500 என்று மணிக்கணக்கு வைத்தது, அந்த எண் அப்படியே எல்லா நாட்டுக்கும் போய் ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் யோகா சான்றளிப்பு வாரியத்திலும் பயிற்றுநருக்கான தொடக்க நிலைக்கு 200 மணி நேரம்தான் அளவு, மேலே போகப் போக 400, 800 என்று ஏறும். ஆக, 200 என்பது வாசல்படி என்று அதை வைத்தவர்களே சொல்கிறார்கள், நாம்தான் அதை மொட்டை மாடி என்று நினைத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் 25 நாள். அதற்குள் ஆசனம், பிராணாயாமம், தியானம், தத்துவம், கற்பிக்கும் முறை, உடற்கூறு எல்லாம் அடங்க வேண்டும். உடற்கூறுக்கு விழுவது முப்பது மணி நேரம் அளவில் இருக்கும். முப்பது மணி நேரத்தில் முதுகெலும்பின் பெயர்களை மனப்பாடம் செய்யலாம், ஒரு முதுகைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கம், தினமும் ஒரு மணி நேரம் தனியாகச் செய்தால் வருடத்துக்கு 365 மணி நேரம். அரை மணி நேரம்தான் முடிந்தது, நடுவில் காய்ச்சல், கல்யாணம், ஊர்ப்பயணம் என்று இருபது முப்பது நாள் போயிற்று என்றாலும் 160-க்குக் குறையாது. இதைச் செய்துவிட்டு அந்தப் படிப்பில் உட்காருகிறவருக்கு ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு வரியும் "ஓ, அதனால்தான் அப்படி இருந்ததா" என்று போய் விழும். செய்யாமல் உட்காருகிறவர் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு வீடு திரும்புவார்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி, ஒருவரின் பயிற்சி எப்போது உறுதிப்படும் என்று சொல்லும் இடத்தில் மூன்று நிபந்தனை வைக்கிறார்: நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு. முதலாவதையும் மூன்றாவதையும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நடுவில் இருப்பதில்தான் கை நழுவும். ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம் போட்டு உருண்டுவிட்டு வாரம் முழுக்க ஓய்வு எடுப்பவரைவிட, தினமும் இருபது நிமிடம் செய்கிறவர் ஆறு மாதத்தில் எங்கோ போயிருப்பார். முதல் மூன்று மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆசனங்களுக்கு மேல் எடுக்காதீர்கள், வரிசையையும் மாற்றாதீர்கள். சலிக்கும், சலிக்கட்டும். ஆசனம் மாறாமல் இருந்தால்தான் உங்களில் என்ன மாறுகிறது என்பது தெரியும், நேற்று சரியாக வந்த திரிகோணாசனம் இன்று ஏன் கனக்கிறது என்ற கேள்வியே அப்போதுதான் எழும். முடித்ததும் ஒரு நோட்டில் மூன்று வரி: எவ்வளவு நேரம், எங்கே பிடித்தது, எங்கே மூச்சு நின்றது. எதிரே யாரோ படிக்கப்போவது போல அழகாக எழுத வேண்டாம். என் பழைய நோட்டுகளில் பாதிப் பக்கம் "சோம்பல், இடுப்பு, ராத்திரி லேட்" என்ற மூன்று வார்த்தைதான்.

அப்புறம் அந்த வாழ்க்கை முறை விஷயம். எல்லோருக்கும் இதில்தான் கற்பனை அதிகம். நாலு மணிக்கு எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, ஒருவேளை சாப்பிட்டு, மௌனம் காத்து... என்னிடம் வந்த ஒருவர் இப்படி எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினார். மூன்றாவது வாரம் காய்ச்சலில் படுத்தார், அதற்குப் பிறகு இரண்டு மாதம் விரிப்பைத் தொடவே இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை என்ற நூல் யோகத்தைக் கெடுக்கும் ஆறு விஷயங்களை ஒரு பட்டியலாகத் தருகிறது: அதிகச் சாப்பாடு, அளவு மீறிய உழைப்பு, வீண்பேச்சு, நியமாக்ரஹம், ஊர்க்கூட்டம், நிலையில்லாத மனசு. இதில் அந்த நாலாவது வார்த்தை வேடிக்கையானது. ஒரு மாதிரி பிரித்தால் நியமங்களை விடாப்பிடியாகப் பிடித்துத் தொங்குவது, இன்னொரு மாதிரி பிரித்தால் நியமங்களைப் பிடிக்காமல் விடுவது. இரண்டுமே யோகத்தைக் கெடுக்கும் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, இரண்டு வகையாகவும் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நானே இரண்டு வகையாகவும் கெட்டிருக்கிறேன்.

பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் இருக்கும் என்று கணக்கு. அமைதியான நேரம்தான், வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள், போனும் அடிக்காது. ஆனால் ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்துவிட்டு நாலரைக்கு எழுந்திருப்பது ஒழுக்கம் இல்லை, உடம்பிடமிருந்து திருடுவது. எழும் நேரத்தை மாற்ற வேண்டுமானால் படுக்கும் நேரத்தில் கை வையுங்கள், வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்னால் இழுங்கள், இரண்டு மாதத்தில் தானாக விடிகாலை வந்து நிற்கும். காலையில் எந்த நேரமும் வசப்படாத வாழ்க்கை என்றால், கைக்குழந்தை, இரவு வேலை என்று, மாலையில் செய்யுங்கள். நேரம் எதுவானாலும் தினமும் அதே நேரம் என்பது முக்கியம்.

சாப்பாட்டில் பழைய அளவு ஒன்றுண்டு: அரை வயிறு உணவு, கால் வயிறு தண்ணீர், மீதிக் கால் காற்றுக்கு. முழுச் சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் நடுவில் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். இதைத் தவிர எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் தினமும் பயிற்சி செய்ய ஆரம்பித்தால் முந்தின நாள் ராத்திரி நேரம் கழித்துச் சாப்பிட்டது அடுத்த நாள் முன்குனியும் ஆசனத்தில் அப்பட்டமாகத் தெரியும், வேறு யாரும் உபதேசம் செய்யத் தேவையே இருக்காது. அசைவத்தை விட வேண்டுமா என்பது அகிம்சையை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் சாப்பிடுவதில்லை, சாப்பிடுகிற நல்ல ஆசிரியர்களையும் அறிவேன். புகை மட்டும் வேண்டாம். ஒரு பக்கம் பிராணாயாமம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் அதை ஊதிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் ஆசிரியர் ஆகப் போகிறவருக்கு ஒழுக்கம் என்றால் இந்தக் குளியல், சாப்பாட்டைவிட இயம நியமம்தான் (செய்யக் கூடாததும் கடைப்பிடிக்க வேண்டியதும்) பெரிது, அதை யாரும் வகுப்பறையோடு சேர்த்துச் சொல்லித் தருவதில்லை. பதஞ்சலி இயமம் ஐந்து என்கிறார், நம் திருமூலர் பத்தாக விரிக்கிறார், அதில் ஒன்று நடுநிலை தவறாமை. இது எனக்கு உறைத்தது வகுப்பு எடுக்க ஆரம்பித்து நாலைந்து வருடம் ஆன பிறகு. முதல் வரிசையில் உடம்பு வில்லாக வளையும் ஒரு பெண், கடைசி வரிசையில் கையைத் தூக்கவே கஷ்டப்படும் ஒரு பெரியவர். என் கண் முழுக்க முன் வரிசையில். அந்தப் பெரியவர் ஒரு நாள் போகிற போக்கில், "சார், அடுத்த மாசத்திலிருந்து நானும் முன்னாடி நிற்கலாமா" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் பின்சுவரில் இருந்துதான் பார்க்கத் தொடங்குவேன். வாய்மை என்றால் சர்க்கரை நோயை மூன்று மாதத்தில் போக்குகிறேன் என்று சொல்லாமல் இருப்பது, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாமல் இருப்பது. கள்ளாமை என்றால் ஏழு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பை ஏழேகாலுக்கு முடித்து அடுத்தவர் நேரத்தை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது. பிரம்மச்சரியத்துக்கு யார் என்ன விளக்கம் சொன்னாலும், ஆசிரியர் வேலையில் அதன் அர்த்தம் ஒன்றே ஒன்று: மாணவரிடம் அந்த உறவு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு உங்களை நம்பித் தரையில் படுத்திருக்கிறவர் அவர். நவீன யோகாவின் பெரிய பெயர்கள் பல சரிந்தது இந்த இடத்தில்தான்.

அடுத்து, பார்க்கக் கற்றுக்கொள்வது. ஆசனத்தை நன்றாகச் செய்வது வேறு, செய்கிறவரைப் பார்ப்பது வேறு. பச்சிமோத்தானாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து குனிகிறார், முதுகு கூன் விழுகிறது, கை பாதத்துக்கு எட்டவில்லை. புது ஆசிரியரின் கண்ணுக்கு முதுகுதான் தெரியும், போய் முதுகை அழுத்துவார். விஷயம் முதுகில் இல்லை. தொடையின் பின்பக்கத் தசை இறுகி இருப்பதால் இடுப்பெலும்பு முன்னால் சாயவில்லை, அது சாயாததால் முதுகு வளைந்து ஈடுகட்டுகிறது. ஒரு போர்வையை மடித்து அதன் மேல் உட்காரவைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கச் சொன்னால் போதும். இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. என் இரண்டாவது வருடத்தில், இதே ஆசனத்தில் ஒருவரின் முதுகை உள்ளங்கையால் அழுத்தினேன், தொடை உட்காரும் எலும்பில் சேரும் இடத்தில் ஏதோ பிய்ந்த மாதிரி இருந்தது என்று அவர் பிறகு சொன்னார். ஐந்து மாதம் நாற்காலியில் சரியாக உட்கார முடியவில்லை. திட்டவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்காமல் யாரையும் தொடுவதில்லை, தொட்டாலும் திசை காட்டத்தான், தள்ள அல்ல.

பத்மாசனமும் அப்படித்தான். கால் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டில். அந்த மூட்டின் குழி ஆளுக்கு ஆள் வேறு ஆழம், வேறு கோணம். எலும்பின் வடிவத்தை எந்தப் பயிற்சியும் மாற்றாது. இடுப்பு திரும்பாதபோது பாதத்தைக் கையால் இழுத்துத் தொடை மேல் வைத்தால் அந்த முறுக்கை முழங்கால் வாங்கிக்கொள்ளும், முழங்கால் முறுக்குக்காகப் படைக்கப்பட்ட மூட்டு இல்லை. பிராணாயாமத்தில் இதைவிட ஆபத்தான உற்சாகம் ஒன்று உண்டு. பதினாறு மாத்திரை நேரம் (மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அளவு) மூச்சை இழுத்து, அறுபத்து நாலு நிறுத்தி, முப்பத்திரண்டு விடுவது என்ற அளவு திருமூலரிலேயே இருக்கிறது என்று சொல்லிப் புதிதாக வந்தவர்களுக்கு அதைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள், ஒரு மூச்சுக்கு 112 மாத்திரை. அது வருடக்கணக்கில் ஏறிப் போய்ச் சேரும் இடம், முதல் மாதத்துப் பாடம் இல்லை. இரத்த அழுத்தம் இருப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் மூச்சை நிறுத்தவே சொல்லக் கூடாது, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் அவர்களுக்கு வேண்டாம்.

சிரசாசனம் வரவில்லை, தடையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. உண்மையில் எல்லா ஆசனமும் சுலபமாக வருகிறவர்களைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன், வழியே தெரியாமல் ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள், அடுத்தவருக்கு எப்படி வழி சொல்வார்கள்? பி.கே.எஸ். ஐயங்கார் சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து வாடிய உடம்போடு யோகாவுக்கு வந்தவர். மரக்கட்டை, பட்டை, போர்வை, நாற்காலி என்று துணைப்பொருள்களை வைத்து முடியாதவர்களையும் ஆசனத்துக்குள் கொண்டுவந்ததில் அவர் பெயர்தான் முதலில் நிற்கிறது. அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் 1930-களில் மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குத் துள்ளித் தாவும் பயிற்சி கொடுத்தார், பின்னாளில் சென்னையில் ஒவ்வொரு ஆளாக உட்காரவைத்து அவரவர் மூச்சுக்கும் வயசுக்கும் தக்க மாதிரி கொடுத்தார். இரண்டும் ஒரே ஆள் சொல்லிக்கொடுத்ததா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வித்தியாசம்.

எட்டாவது ஒன்பதாவது மாதத்தில் சொல்லிக்கொடுத்துப் பழகுங்கள். மூன்று பேர் போதும், காசு வாங்காதீர்கள், எட்டு வாரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருவராவது விறைப்பான உடம்புக்காரராக இருக்கட்டும். உங்கள் குரலைப் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், கேட்கச் சகிக்காது, கேட்டுத்தான் ஆக வேண்டும். எத்தனை தடவை "அப்படியே", "ஓகே", "மெதுவா மெதுவா" வருகிறது என்று எண்ணுங்கள். வீண்பேச்சு யோகத்தைக் கெடுக்கும் என்ற அந்தப் பட்டியல் ஆசிரியருக்கு அப்படியே பொருந்தும்: சவாசனத்தில்கூட விடாமல் பேசுகிறவர்கள் நிறையப் பேர். எதிரே நின்று காட்டும்போது நீங்கள் இடது கையைத் தூக்கிக்கொண்டு வாயால் வலது கை என்று சொல்ல வேண்டும், முதல் வாரம் தலை சுற்றும். கொஞ்ச நாளில், செய்து காட்டுவதையே குறைத்துவிட்டு நடந்து பார்க்க ஆரம்பியுங்கள். வகுப்பு எடுப்பதை உங்கள் சொந்தப் பயிற்சிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு நாலு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் விழுவது இதில்தான், எப்போதும் ஒரே பக்கம் செய்து காட்டிக் காட்டி உடம்பு ஒரு பக்கமாகக் கோணிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் ஆன பிறகு படிப்பைத் தேடுங்கள். விளம்பரத்தில் கடற்கரையும் மலையும் எவ்வளவு அழகு என்பதை விட்டுவிட்டு நேராக மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு குழுவில் எத்தனை பேர், முதன்மை ஆசிரியர் என்று படம் போட்டிருப்பவர் உண்மையில் எத்தனை மணி நேரம் வகுப்பில் இருப்பார், நான் எத்தனை தடவை மற்றவர்கள் முன்னால் வகுப்பு எடுத்துத் திருத்தம் வாங்குவேன். தைரியம் இருந்தால் நாலாவதையும் கேளுங்கள்: இதுவரை யாருக்காவது சான்றிதழ் கொடுக்காமல் இன்னும் கொஞ்ச நாள் பயிற்சி செய்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறீர்களா? பணம் கட்டிய அத்தனை பேரும் தேறிவிடும் இடத்தில் தேர்வு என்ற ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. வேலையை விட வேண்டுமா? வேண்டாம், முதல் இரண்டு வருடம் வேண்டவே வேண்டாம். மாதக் கடைசிக் கவலையோடு நிற்கும் ஆசிரியர் வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்வார், கண்ணழுத்த நோய் இருப்பவரிடம்கூட, தலைகீழ் ஆசனம் உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

கண்ணழுத்தம் என்றதும் உங்கள் கழுத்து நினைவுக்கு வருகிறது. தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறும், அதனால் க்ளாக்கோமா உள்ளவருக்குச் சிரசாசனம் கிடையாது, அதே போலக் கழுத்து எலும்பில் தேய்மானமோ நரம்பு அழுத்தமோ இருப்பவருக்கும் கிடையாது. உங்களுடையது வெறும் தசைப்பிடிப்பா வேறு ஏதாவதா என்று மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ளாமல், சிரசாசனம் மட்டும் இல்லை, தோளில் நிற்கும் சர்வாங்காசனத்தைக்கூட இந்த ஒரு வருடம் தொடாதீர்கள், காலைச் சுவரில் நிமிர்த்தி வைத்துப் படுத்துக்கொள்வது போதும். கையில் மரமரப்போ குறுகுறுப்போ இறங்கினால் இன்னும் சீக்கிரமாகப் போய்க் காட்டுங்கள். படிப்பில் சேரும்போது கொடுக்கும் படிவத்தில் உடல்நலம் பற்றிய பகுதி ஒன்று இருக்கும், எடுத்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்து அங்கே எல்லோரும் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் கழுத்து வலி என்று எழுதுங்கள்.